காசு காட்டினால் விசா வருமா? தற்காலிக வதிவிட விசா எப்படித் தீர்மானிக்கப்படுகிறது

கனடாவில் ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு குடும்பங்கள் விசாவுக்குப் போடுகின்றன. ஒரு குடும்பம் வங்கியில் ஐம்பது இலட்சம் காட்டுகிறது, கொக்குவிலில் இரண்டு காணி உறுதி வைக்கிறது, மறுப்புக் கடிதம் வருகிறது. மற்றது ஒரு பாடசாலை ஆசிரியையும் அவருடைய கணவரும், சேமிப்பில் பன்னிரண்டு இலட்சம்தான், அவர்களுக்கு விசா குத்தி வருகிறது. உடனே ஊரில் கதை கிளம்பும்: அதிர்ஷ்டம், ஏஜென்சிக்காரரின் கைராசி, அதிகாரியின் அன்றைய மனநிலை. அதிகாரிக்கு அதிகாரி வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், ஆனால் இப்படியான முடிவுகள் பலவற்றுக்குச் சட்டத்திலேயே காரணம் எழுதிக் கிடக்கிறது. தற்காலிக வதிவிட விசா என்ற பெயரைக் கேட்டதும் எங்கள் கண் ‘வதிவிடம்’ என்பதில் போய் நிற்கிறது. அதிகாரி வாசிப்பது அதற்கு முன்னால் இருக்கிற சொல்லை.

அந்தச் சொல்லிலிருந்து தொடங்கி, மறுப்பு வந்தால் என்ன செய்வது என்பது வரை போகலாம். இங்கே அதிகம் கேள்வி எழுவது கனடாவைப் பற்றித்தான் என்பதால் அதையே நடுவில் வைத்திருக்கிறேன். ஐரோப்பாவும் லண்டனும் தேவையான இடத்தில் வரும்.

முதலில் மூன்று சொற்கள்

குழப்பத்தில் பாதி, மூன்று வேறு பொருட்களை ஒரே சொல்லால் ‘விசா’ என்று அழைப்பதால் வருகிறது.

1. விசா. கடவுச்சீட்டில் ஒட்டப்படுகிற தாள். இது கதவு வரை போக அனுமதி, அவ்வளவுதான். விமான நிலையத்தில் இருக்கிற எல்லை அதிகாரி உங்களை இன்னொரு முறை கேள்வி கேட்டு உள்ளே விடலாம், விடாமலும் போகலாம்.

2. பெர்மிட். உள்ளே போனபின் ஒரு குறிப்பிட்ட காரியத்தைச் செய்ய அனுமதி: படிக்க ஸ்டடி பெர்மிட், உழைக்க வேர்க் பெர்மிட். விசிட்டராகப் போகிறவருக்கு இரண்டும் இல்லை. மச்சானின் கடையில் ‘சும்மா கொஞ்சம் உதவி’ என்று காசுப்பெட்டியில் நிற்பதும் வேலையாகவே பார்க்கப்படும்.

3. அந்தஸ்து. நாட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு நாளும் நீங்கள் சட்டப்படி இருக்கிறீர்களா என்பது. விசிட்டராக நுழைந்தால் வழக்கமாக ஆறு மாதம். முத்திரையில் வேறு திகதி எழுதாவிட்டால், நுழைந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்றுதான் கணக்கு.

இப்போது ‘எனக்குப் பத்து வருச விசா கிடைத்திருக்கு’ என்று ஒருவர் சொன்னால் அதன் பொருள் என்ன? பத்து வருடத்துக்குள் திரும்பத் திரும்ப கதவைத் தட்டலாம் என்பது. பத்து வருடம் இருக்கலாம் என்பதல்ல. ஒவ்வொரு முறையும் ஆறு மாதம். இதைப் பிழையாக விளங்கிக்கொண்டு ஏழாவது மாதம் விழித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, விசாவின் ஆயுள் கடவுச்சீட்டின் ஆயுளைத் தாண்டாது. பாஸ்போர்ட் முடிய ஒன்றரை வருடம் இருக்கும்போது விண்ணப்பித்துவிட்டு, ‘எனக்கு மட்டும் ஏன் ஒன்றரை வருசம்’ என்று கேட்பதில் அர்த்தமில்லை. முன்பு இதைப் புதுப்பிக்க வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ இரவு பஸ் ஏற வேண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 1ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டுவிட்டதால் அந்தச் சாக்கும் போய்விட்டது.

அந்தஸ்து முடிவதற்கு முன்பே நீடிப்புக்கு விண்ணப்பித்தால், முடிவு வரும்வரை பழைய நிபந்தனைகளோடு சட்டப்படி இருக்கலாம். திகதி தவறிவிட்டால் 90 நாளுக்குள் அந்தஸ்தை மீட்டுத் தரும்படி கேட்க ஒரு வழி உண்டு, அதற்குத் தனிக் கட்டணம். 90 நாளும் போய்விட்டால் அந்த வழியும் அடைபடும்.

ஐரோப்பாவில் இதே பிரிவு வேறு பெயரில் இருக்கிறது. ஷெங்கன் விசா என்று சொல்வது சி வகை: எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் இருக்க முடியாது. பிரான்சிலோ ஜெர்மனியிலோ அதற்கு மேல் தங்கிப் படிக்க, வேலை செய்ய, குடும்பத்தோடு சேர வேண்டுமென்றால் டி வகை, அதாவது அந்தந்த நாட்டின் தேசிய விசா. சி வகையில் போய் அங்கே டி வகையாக மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அவர் பொதுவிதியைச் சொல்லவில்லை, மிகச் சிறிய விதிவிலக்குகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்.

அதிகாரியின் ஒரே கேள்வி

கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதிகளில் 179ஆம் விதி இருக்கிறது. அதன் ‘பி’ உட்பிரிவு, விண்ணப்பதாரர் அனுமதிக்கப்பட்ட காலம் முடியும்போது கனடாவை விட்டு வெளியேறுவார் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும் என்கிறது. மறுப்புக் கடிதங்களில் அடிக்கடி வரும் ‘நீங்கள் தங்கும் காலம் முடிவில் வெளியேறுவீர்கள் என்று எனக்குத் திருப்தி இல்லை’ என்ற வாக்கியம் இங்கிருந்துதான் வருகிறது. நீங்கள் திரும்பமாட்டீர்கள் என்று அவர் நிரூபிக்கத் தேவையில்லை. திரும்புவீர்கள் என்று காட்டவேண்டியது உங்கள் பொறுப்பு. நேர்முகமும் பெரும்பாலும் கிடையாது, நீங்கள் ஏற்றிய கடதாசிகள்தான் உங்களுக்காகப் பேசும்.

இந்த ஒரு கேள்வியை நான்கு பக்கமாகப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

1. உங்களை இங்கே இழுத்து வைத்திருப்பது எது? வேலை, தொழில், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, படுக்கையில் இருக்கும் தாய், நடந்துகொண்டிருக்கும் தோட்டம்.
2. அங்கே உங்களை இழுப்பது எது? ஸ்காபரோவில் இரண்டு சகோதரர், மகள், பேரப்பிள்ளைகள். இது அன்பானவர்களின் பட்டியல்தான், ஆனால் அதிகாரியின் தராசில் எதிர்த் தட்டில் விழும்.
3. போகும் காரணம் நம்பக்கூடியதா, நாட்கள் அந்தக் காரணத்துக்குப் பொருந்துகின்றனவா?
4. முன்பு வேறு நாட்டுக்குப் போய் நேரத்துக்குத் திரும்பியிருக்கிறீர்களா?

காசு எங்கே? பயணச் செலவைத் தாங்க முடியுமா என்ற அளவுக்குத்தான் அது தனியாக வருகிறது. மற்றப்படி முதலாவது கேள்விக்குச் சாட்சி சொல்ல வருகிற ஆள்தான் காசு. அந்த ஆசிரியையின் பைலில் பாடசாலை அதிபரின் விடுமுறைக் கடிதம், பதினெட்டு வருடச் சேவை, அடுத்த தவணை தொடங்கும் திகதி, மாதாமாதம் ஒரே கணக்கில் விழும் சம்பளம் எல்லாம் இருந்தன. அவர் ஏன் திரும்புவார் என்று வாசிக்கிறவருக்குத் தானாக விளங்கும். ஐம்பது இலட்சக் குடும்பத்தின் பைலில் ஐம்பது இலட்சம் மட்டும்தான் இருந்தது.

இங்கே ஒரு நுட்பமான விஷயம் உண்டு. அதே நாட்டின் குடிவரவுச் சட்டம் 22ஆம் பிரிவில், ஒருவருக்கு நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருப்பது தற்காலிகமாக வருவதற்குத் தடையல்ல, காலம் முடிந்தால் வெளியேறுவார் என்றால் போதும் என்றும் சொல்கிறது. இதற்கு இரட்டை நோக்கம் என்று பெயர். ஆகவே, கணவர் நிரந்தர வதிவிடத்துக்கு ஸ்பொன்சர் செய்து பைல் நடந்துகொண்டிருக்கிறது என்பதை விசிட்டர் விண்ணப்பத்தில் மறைக்கத் தேவையே இல்லை. மறைத்தால்தான் வில்லங்கம், ஏனென்றால் இரண்டு விண்ணப்பமும் ஒரே கணினியில்தான் இருக்கின்றன.

யாழ்ப்பாணத்துப் பைல் எங்கே சறுக்குகிறது

நாங்கள் வாழ்கிற முறைக்கும், அந்தப் படிவங்கள் எதிர்பார்க்கிற வாழ்க்கைக்கும் இடையில் பொருந்தாத இடங்கள் பல. பொய் சொல்லாதவர்களின் பைலும் இந்த இடங்களில்தான் சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

1. திடீர்க் காசு. ஒரு வருடமாக எண்பதாயிரத்தைத் தாண்டாத கணக்கில், விண்ணப்பத்துக்கு மூன்று கிழமை முன்பு முப்பது இலட்சம் வந்து விழுகிறது. நகை அடகு வைத்ததோ, தெரிந்தவரிடம் வட்டிக்கு வாங்கியதோ, உண்மையிலேயே காணி விற்றதோ, வாசிக்கிறவருக்குத் தெரியாது. கடைசியாகச் சொன்னது உண்மை என்றால் விற்பனை உறுதியின் பிரதியையும் காசு எந்தத் திகதியில் எந்த வழியில் வந்தது என்பதையும் சேர்த்து வையுங்கள். வாங்கிப் போட்ட காசு என்றால், போடாமல் இருப்பதே நல்லது: சின்னத் தொகை ஒரு பலவீனம் மட்டும்தான், விளக்கமில்லாத பெரிய தொகை முழுப் பைலின் மீதும் சந்தேகத்தை இழுத்துவிடும்.

2. உண்டியல். வெளிநாட்டில் இருந்து மகன் மாதாமாதம் அனுப்புகிறான், ஆனால் அது வங்கி வழியாக வருவதில்லை. ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறார். குடும்பம் அந்தக் காசில் நன்றாகவே வாழ்கிறது, கடதாசியில் மட்டும் வருமானமே இல்லை. உண்டியலுக்குப் பற்றுச்சீட்டு கிடையாது, சட்ட அங்கீகாரமும் கிடையாது. அடுத்த வருடம் அம்மாவைக் கூப்பிட நினைக்கிற பிள்ளைகள் இந்த வருடத்திலிருந்தே வங்கி வழியாக அனுப்பத் தொடங்குவதுதான் இதற்கு ஒரே வழி. மாற்று விகிதத்தில் கொஞ்சம் நட்டம்தான், ஆனால் பன்னிரண்டு மாதத்துக்குப் பின் அது ஒரு சான்று.

3. சம்பளத்துண்டு இல்லாத உழைப்பு. சுன்னாகத்தில் வெங்காயம் செய்கிறவருக்கும் குருநகரில் படகு வைத்திருப்பவருக்கும் யார் சம்பளத்துண்டு தருவது? ஆனால் கமநல சேவை நிலையத்தில் பதிவு இருக்கும், படகுக்குக் கடற்றொழில் திணைக்களத்தில் பதிவு இருக்கும், கடை என்றால் வியாபாரப் பெயர்ப் பதிவு இருக்கும், வரி இலக்கம் இருக்கும், சந்தைக்குக் கொடுத்த பில் இருக்கும். இவற்றை ஒன்றாக்கி, ‘இந்தப் போகம் முடிந்து அடுத்த நடுகைக்கு நான் இங்கே இருக்க வேண்டும்’ என்று ஒரு பந்தி எழுதினால், பெரிய உத்தியோகத்தரின் கடிதத்துக்குக் குறையாத சான்று அது. விதானையாரின் கடிதம் ஒன்றை மட்டும் வைத்துவிட்டு, அதுவே எல்லாம் சொல்லும் என்று விடுகிறார்கள். ஊரில் அவர் கடிதத்துக்கு இருக்கிற மதிப்பு ஒட்டாவாவில் இருக்கிறவருக்குத் தெரியாது.

4. காணி. எங்கள் ஊரில் காணி உறுதி என்பது ஒரு கதைப்புத்தகம். வீடு சீதனமாக மனைவியின் பெயரில் இருக்கும். அப்பாவின் வளவு நான்கு சகோதரருக்குப் பிரிக்காத பங்காக இருக்கும். பெற்றோர் தங்கள் வீட்டை மகளுக்கு நன்கொடை உறுதி எழுதிவிட்டு, தங்களுக்குச் சீவிய உருத்தை மட்டும் வைத்திருப்பார்கள். இந்த உறுதியை மொழிபெயர்த்து அப்படியே ஏற்றும்போது வாசிக்கிறவருக்குத் தெரிவது என்ன? விண்ணப்பதாரரின் பெயரில் சொத்து இல்லை, இருந்ததையும் கொடுத்துவிட்டார். கணவன் தனியாகப் போகிறான் என்றால் சீதனக் காணியோடு விவாகப் பதிவுப் பிரதியையும், யாழ்ப்பாணத்தாருக்கான வழமைச் சட்டமான தேசவழமைப்படி அதை விற்க அவனுடைய சம்மதமும் வேண்டும் என்று ஒரு வரியையும் வைக்கலாம். சீவிய உருத்து என்றால், இறக்கும்வரை அந்த வீட்டில் வாழும் சட்ட உரிமை அது என்று எழுத வேண்டும். மதிப்பீட்டு அறிக்கைக்குச் செலவழிக்கிற காசைவிட இந்த இரண்டு வரி பெறுமதியானது என்பது என் அபிப்பிராயம்.

5. பெயர். படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயர்தான். மகனின் ‘குடும்பப் பெயர்’ தகப்பனின் சொந்தப் பெயராகவும், தகப்பனின் ‘குடும்பப் பெயர்’ பாட்டனின் பெயராகவும் இருக்கும், ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர். போதாததற்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, கடவுச்சீட்டில் ஒன்று. இடப்பெயர்வில் தொலைந்து பின்பு எடுத்த பிரதிகளில் இன்னொன்று. படிவத்தில் எப்போதும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். மற்றவற்றில் வித்தியாசம் இருந்தால், இந்தப் பெயர்கள் யாவும் ஒருவரையே குறிக்கின்றன என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். வேறு பெயர்கள் இருந்ததா என்ற கேள்விக்கும் படிவத்தில் இடம் உண்டு, அதை வெறுமையாக விடவேண்டாம்.

6. அழைப்புக் கடிதம். ரொறன்ரோவிலிருந்து வரும் கடிதங்கள் பல ஒரே அச்சில் வார்த்தவை: ‘முழுச் செலவையும் நானே பொறுப்பேற்கிறேன்.’ சரி, எந்த வருமானத்தில்? அழைப்பவரின் வருமான வரி மதிப்பீட்டு அறிவித்தல், வேலைக் கடிதம், அவருடைய வதிவிட அந்தஸ்துக்கான சான்று இல்லாமல் அந்த வாக்கியம் காற்றில் நிற்கும். இதைவிடப் பெரிய பிழை, கல்யாணம் ஒரு நாள், கேட்கிற காலம் ஆறு மாதம். கல்யாணத்துக்கு மூன்று கிழமை என்று கேட்பவருக்கும் ஆறு மாதம் என்று கேட்பவருக்கும் ஒரே காரணம்தான், ஆனால் நம்பகம் ஒன்றல்ல.

7. எல்லோருமாகப் போவது. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் சேர்ந்து விண்ணப்பிக்கும்போது, முதலாவது கேள்விக்குப் பதிலாக இருந்தவர்களே பயணத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். போகக்கூடாது என்பதல்ல; ஆனால் அப்போது வேலை, தொழில், பிள்ளைகளின் பள்ளிக்கூடத் தவணை போன்ற மற்றச் சான்றுகள் இரட்டிப்பாகத் தேவை.

பெரிய பைல் நல்ல பைல் என்ற நம்பிக்கையையும் இங்கே விட்டுவிடலாம். கனடாவின் குடிவரவுத் திணைக்களம் விண்ணப்பங்களை விரைவாகப் பார்க்க ‘சினூக்’ என்ற எக்செல் அடிப்படையிலான கருவியை 2018இலிருந்து பயன்படுத்துகிறது. விவரங்கள் வரிசையாக ஒரு திரையில் நிற்கும். எண்பது பக்கத்துக்குள் உங்கள் உண்மையைத் தேடி எடுக்க யாருக்கும் நேரமில்லை. ஒன்றரைப் பக்கக் கடிதம், யார், ஏன், எத்தனை நாள், எதற்காகத் திரும்புவேன், எந்தக் கடதாசி எந்தக் கூற்றுக்குச் சான்று என்பதோடு மேலே இருக்கட்டும்.

ஏன் போன வருடப் புத்திமதி இந்த வருடம் பலிப்பதில்லை

‘பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றுமே காட்டாமல் போனாரே’ என்ற கேள்விக்குப் பதில் திகதிகளில் இருக்கிறது. கொரோனாவுக்குப் பின் கனடாவில் விசிட்டர் விண்ணப்பங்கள் மலையாகத் தேங்கின. அதைக் குறைக்க 2023இல் ஒரு தற்காலிகக் கொள்கை கொண்டுவந்து, தேங்கியிருந்த குறிப்பிட்ட விண்ணப்பங்களுக்கு, காலம் முடிந்து வெளியேறுவார் என்ற அந்த நிபந்தனையையே தளர்த்தினார்கள். அது அந்த வருடத்தோடு முடிந்தது. அப்போது கிடைத்த விசாவை வைத்து ‘இப்படிப் போட்டால் கிடைக்கும்’ என்று ஒரு சூத்திரம் ஊரில் தங்கிவிட்டது.

இரண்டாவது சூத்திரம், ‘விசிட்டில் போய் அங்கே வேர்க் பெர்மிட்டாக மாற்றலாம்.’ இதுவும் ஒரு காலத்தில் உண்மைதான்: 2020 ஆகஸ்ட்டிலிருந்து, வேலை வாய்ப்பு கிடைத்த விசிட்டர் உள்ளே இருந்தபடியே விண்ணப்பிக்க விட்டார்கள். 2024 ஆகஸ்ட் 28ஆம் திகதி அதை நிறுத்திவிட்டார்கள். அதே வருடம் நவம்பரில், பல முறை போய்வரும் நீண்டகால விசாவை வழக்கமாகக் கொடுப்பதையும் விட்டு, எத்தனை முறை, எவ்வளவு காலம் என்பதை அதிகாரியே ஆளுக்கு ஆள் தீர்மானிக்கலாம் என்று மாற்றினார்கள்.

மாணவர் பக்கமும் இதே கதை. படிப்புக் கட்டணம் தவிர வாழ்க்கைச் செலவுக்குக் காட்டவேண்டிய தொகை நீண்டகாலம் 10,000 கனடிய டொலர். 2024 ஜனவரியில் அது 20,635, 2025 செப்டம்பர் 1இலிருந்து 22,895. மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வந்து, பெரும்பாலானவர்களுக்கு மாகாணத்தின் சான்றுக் கடிதமும் தேவை என்றானது 2024இல். மாணவரின் கணவன் மனைவிக்குக் கிடைத்துவந்த திறந்த வேர்க் பெர்மிட், அதாவது எந்த முதலாளியிடமும் உழைக்க விடுகிற அனுமதி, 2025 ஜனவரியிலிருந்து பெரிதும் சுருங்கிவிட்டது. ‘மனைவி படிக்க, கணவன் உழைக்க’ என்று கணக்குப் போட்டு வீட்டை ஈடு வைக்கிறவர்கள் முதலில் பார்க்கவேண்டிய வரி அதுதான்.

பெற்றோருக்கு: சூப்பர் விசா

அம்மா அப்பாவைப் பேரப்பிள்ளை பார்க்கக் கூப்பிடுகிறவர்கள் பலர், ஆறு மாத விசிட்டருக்கும் நிரந்தர ஸ்பொன்சருக்கும் இடையில் கனடாவில் சூப்பர் விசா என்று ஒன்று இருப்பதை மறந்துவிடுகிறார்கள். 2022 ஜூலை 4இலிருந்து இதில் ஒரு முறை நுழைந்தால் ஐந்து வருடம்வரை இருக்கலாம், அதற்கு முன் இரண்டு வருடமாக இருந்தது.

தேவை இவை: அழைப்பவர் பிரஜையாக அல்லது நிரந்தர வதிவாளராக இருக்கும் பிள்ளை அல்லது பேரப்பிள்ளை, வரப்போகும் பெற்றோரையும் சேர்த்து எண்ணிய அவருடைய குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்ற குறைந்தபட்ச வருமானம், குறைந்தது ஒரு வருடத்துக்கு 100,000 டொலருக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, அங்கீகரிக்கப்பட்ட வைத்தியரிடம் மருத்துவப் பரிசோதனை. விண்ணப்பிக்கும்போது பெற்றோர் கனடாவுக்கு வெளியே இருக்க வேண்டும். கூடவே இருக்கும் கல்யாணமாகாத தங்கையை இதில் சேர்க்க முடியாது, இது பல வீடுகளில் கடைசி நேரத்தில் வெடிக்கும் பிரச்சினை.

காப்புறுதியைக் கவனமாக வாசியுங்கள். அது அவசர சிகிச்சைக்கானது. சீனி, பிரஷர், இதய வருத்தம் போன்று ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு எந்த நிபந்தனையில் காசு தருவார்கள் என்பது ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வேறு. மலிவானதை வாங்கிவிட்டு, வருத்தம் வந்தபின் சின்ன எழுத்தை வாசிப்பதில் பலனில்லை.

லண்டன் கெயார் விசா, சுருக்கமாக

இதைப் பற்றி இன்னும் விளம்பரம் ஓடுவதால் மட்டும் சொல்கிறேன். பிரித்தானியாவுக்குக் கெயார் விசாவில் போகும் பராமரிப்பு வேலையாளர் 2024 மார்ச் 11க்குப் பின் கணவன், மனைவி, பிள்ளைகளைக் கூட்டிச்செல்ல முடியாது என்றார்கள். 2025 ஜூலை 22இலிருந்து அந்த வேலைக்கு வெளிநாட்டில் இருந்து புதிதாக ஆள் எடுப்பதே மூடப்பட்டுவிட்டது. இன்னும் அந்த வேலைக்கு இடம் இருக்கிறது என்று ஒருவர் இலட்சக்கணக்கில் முற்பணம் கேட்டால் யோசிக்க எதுவும் இல்லை.

மற்ற வேலைகளுக்கான ஸ்பொன்சர் சான்றிதழும் உண்மையில் ஒரு இலக்கம்தான். உரிமம் பெற்ற முதலாளி அதை ஒதுக்குகிறார், அந்தச் செலவைத் தொழிலாளியிடம் அறவிடுவதை அந்நாட்டு விதிகள் தடுக்கின்றன. முதலாளியின் உரிமம் பறிபோனால் உங்கள் விசாவும் சுருக்கப்படும், வேறு முதலாளியைத் தேட வழக்கமாக 60 நாள்தான்.

கையெழுத்து யாருடையதோ, பொறுப்பும் அவருடையது

கைரேகை கொடுக்கிற விஎஃப்எஸ் நிலையம் விண்ணப்பத்தைக் கையேற்று அனுப்பும், முடிவில் அதற்குப் பங்கில்லை. அங்கே ஆள் இருக்கிறது என்று சொல்லிக் காசு வாங்குகிறவர் உங்களை ஏமாற்றுகிறார். கனடா விசிட்டர் விசாவுக்கு உண்மையான கட்டணம் 100 கனடிய டொலர், கைரேகைக்கு 85, குடும்பமாகக் கொடுத்தால் கைரேகைக்கு உச்சம் 170. அந்தக் கைரேகை பத்து வருடத்துக்குச் செல்லும்.

காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பத்தில் உங்களுக்காகப் பேச உரிமை உள்ளவர்கள் அந்நாட்டுச் சட்டத்தரணிகள், கியூபெக் நொத்தாரிசுகள், 2021 நவம்பரில் தொடங்கிய குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் உரிமம் பெற்றவர்கள் போன்றோர்தான். இவர்களின் பெயரைப் பொதுப் பதிவேட்டில் யாரும் தேடிப் பார்க்கலாம். பிரதிநிதிப் படிவத்தில் தன் பெயரைப் போட மறுத்து, உங்கள் பெயரில் தானே மின்னஞ்சல் திறந்து, கடவுச்சொல்லைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறவர் மாட்டாமல் இருப்பதற்காகத்தான் அப்படிச் செய்கிறார். மாட்டப்போவது நீங்கள். வேலைக்கு அனுப்புவதாகச் சொல்லும் முகவர் என்றால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்து உரிமம் உண்டா என்று கேளுங்கள்.

ஏனென்றால் பிழையான தகவல், போலி வங்கிக் கூற்று, போலி வேலைக் கடிதம் எதுவாக இருந்தாலும், கனடாவின் குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவு விண்ணப்பதாரரையே பிடிக்கிறது: ஐந்து வருடத் தடை. ‘ஏஜென்சிக்காரர் போட்டது, எனக்குத் தெரியாது’ என்பது பொதுவாக எடுபடுவதில்லை. படிவத்தில், எந்த நாடாவது எப்போதாவது உங்களுக்கு விசா மறுத்ததா என்று ஒரு கேள்வி வரும். பத்து வருடத்துக்கு முன் லண்டன் மறுத்ததை ‘இல்லை’ என்று போடுகிறவர்கள் நிறைய. கனடா, பிரித்தானியா போன்ற நாடுகள் தங்களுக்குள் குடிவரவுத் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன. ‘ஆம்’ என்று எழுதி இரண்டு வரி விளக்கம் கொடுத்தால் அது ஒரு பழைய மறுப்பு மட்டும்தான்.

மறுப்பு வந்தால்

மறுப்பு தடை அல்ல. எந்த நேரமும் மறுபடி விண்ணப்பிக்கலாம், கட்டணம் மட்டும் திரும்பக் கட்ட வேண்டும். ஆனால் அதே பைலை அடுத்த கிழமையே திரும்ப அனுப்புவது, அதே பதிலைக் காசு கொடுத்து வாங்குவது.

1. அதிகாரி என்ன எழுதினார் என்று முதலில் பாருங்கள். கடிதத்தில் உள்ளது பொதுவான வாக்கியம்; உண்மையான காரணம் அவர் கணினியில் எழுதிய குறிப்பில் இருக்கும். 2025 ஜூலை 29இலிருந்து விசிட்டர், படிப்பு, வேலை விண்ணப்பங்களின் மறுப்புக் கடிதங்களோடு அந்தக் குறிப்பையே சேர்த்து அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். உங்களுக்கு வராவிட்டால், கனடாவில் இருக்கும் உறவினர் ஒருவர் உங்கள் சம்மதக் கடிதத்தோடு தகவல் அறியும் சட்டத்தில் கேட்கலாம், கட்டணம் 5 டொலர். 2022 ஜூலையிலிருந்து வெளிநாட்டில் இருப்பவர் தன் சொந்தத் தகவலைத் தனியுரிமைச் சட்டத்தில் தானே கேட்கவும் வழி உண்டு.

2. குறிப்பில் உள்ள காரணத்துக்குப் பதில் சொல்லக்கூடிய புதிய கடதாசி இருக்கிறதா என்று பாருங்கள். ‘வைப்பின் மூலம் தெரியவில்லை’ என்றால் மூலத்தைக் காட்டலாம். ‘கனடாவில் நெருங்கிய உறவு’ என்றால் அந்த உறவை இல்லாமல் ஆக்க முடியாது, இங்கே உள்ள பிணைப்பைத்தான் இன்னும் தெளிவாகக் காட்ட வேண்டும்.

3. வைத்த சான்றைப் பார்க்காமலேயே மறுத்திருக்கிறார் என்று தெரிந்தால் அங்குள்ள சமஷ்டி நீதிமன்றத்தில் மீளாய்வு கேட்கலாம். கனடாவுக்கு வெளியே எடுக்கப்பட்ட முடிவுக்கு, அறிவிக்கப்பட்டதிலிருந்து 60 நாள். வென்றால் நீதிமன்றம் விசா தராது, வேறு அதிகாரி மறுபடி பார்க்கும்படி அனுப்பும். சட்டத்தரணிக்கு ஆகும் செலவு புது விண்ணப்பத்தைவிடப் பல மடங்கு என்பதால் கல்யாண வீட்டுப் பயணத்துக்கு இது பெரும்பாலும் சரிவராது; படிப்புத் தொடங்கவேண்டியவர், அல்லது 40ஆம் பிரிவில் மாட்டி ஐந்து வருடம் தடைபட்டவர் யோசிக்கவேண்டிய வழி.

நாட்களை எண்ணத் தொடங்குவது மறுப்புக் கடிதம் மின்னஞ்சலுக்கு வந்த நாளிலிருந்து. அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.